பொருந்தாதவை என்ற பட்டியல்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. எதைக் கேட்டாலும், "இதை யார் யார் திறக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பாள்.

பாதுகாப்பு விதிகள் இருநூற்றுப் பன்னிரண்டையும் மென்பொருளில் ஏற்றி, கடவுச்சொல், கதவு, ஊழியர் என்று குழு குழுவாகப் பிரிக்க அவளுக்கு நாலு மாதம் ஆனது. கடைப்பிடிக்கும் விதி பச்சையாகத் தெரியும், கடைப்பிடிக்காதது சிவப்பாக. தணிக்கைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதினொன்று சிவப்பாகவே நின்றன.

மேலாளர் கூப்பிட்டார். "அந்தப் பதினொண்ணையும் 'பொருந்தாதவை' பட்டியலுக்குள்ள தள்ளிவிடும்மா. அதுல இருக்கறத மதிப்பெண்ணுக்குச் சேர்க்காது."

"வேலைய விட்டுப் போனவங்க லாகினை அன்னைக்கே மூடணும்கிறது நமக்கு எப்படி சார் பொருந்தாம போகும்? இங்க யாரும் வேலைய விட்டுப் போறதே இல்லையா?"

"வாயாடாதே. சாயங்காலத்துக்குள்ள பச்சையா இருக்கணும்."

இருக்கைக்கு வந்து அந்த ஒரு விதியை மட்டும் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். மதிப்பெண் ஏறியது. மற்ற பத்தையும் தொடவில்லை.

மதியம் சாப்பாட்டு அறையில் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். டப்பாவைத் திறக்காமலே பேசினாள்.

"நேத்து ஒரு பேஷண்டுக்கு மருந்து அளவு ரெண்டு மடங்கா ஏறியிருந்துச்சுடி. நல்லவேளை, ஊசி போடறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சு. யாரு ஏத்தினாங்கன்னு பார்த்தா, மூணு மாசம் முன்ன நின்னுபோனவ பேரு."

"அவ லாகின் இன்னும் ஓடுதா?"

"புதுசா வந்த நாலு பேரும் அதுலதான் உள்ள போறாங்க. தனி லாகின் கேட்டு எழுதிக் குடுத்து எத்தனை நாளாச்சு. உங்க மேலாளர் கையெழுத்துப் போட்டாதானே."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள்.

நகர்த்திய விதியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பிறகு பதினொன்றையும் வேறு மாதிரி பிரித்தாள்: எது யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று. ஒன்பது மேலாளர் பெயரின் கீழ் போய் உட்கார்ந்தன. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஒளிச்சு செய்யல சார். உங்ககிட்ட காட்டிட்டுத்தான் தணிக்கைக்கு வைக்கிறேன்."

அவர் முகம் கறுத்தது. "அழி இதை."

"நான் அழிக்க மாட்டேன். வேணும்னா நீங்க அழிங்க. யார் அழிச்சாங்கன்னு அதுலயே பதிவாகும்."

அவர் மவுஸைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

தணிக்கைக்கு வந்த அம்மாள் அந்தக் குழுவை இரண்டு முறை படித்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். "இந்த ஒன்பதும் எதுக்காக நிக்குது?" ஆஸ்பத்திரி தணிக்கையில் தேறவில்லை. சரிசெய்ய மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. ஐந்தாவது நாள் நாலு நர்ஸுகளுக்கும் தனி லாகின் வந்துவிட்டது.

அவளைக் கீழ்த்தளத்தில் அடையாள அட்டை அச்சடிக்கிற ஜன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா பழைய இடத்துக்கே வரலாமாம்," என்று குமாஸ்தா வந்து சொன்னார்.

அங்கேயே அவரை நிற்க வைத்து எழுதினாள்: 'நான் செய்தது சரி. மறுபடியும் அதையே செய்வேன்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இதையா குடுக்கச் சொல்ற?"

"ஒரு நகல் எடுத்து எனக்கும் குடுத்துடுங்கண்ணே," என்றாள்.