பதின்மூன்றாவது கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கம்பியிலிருந்து வந்தது. அந்தமானில், ஹேவ்லாக் தீவிலிருந்து ரங்கத் போகும் போட்டில் எனக்கு முன்வரிசையில் ஒருவர் கழுத்தில் வளைந்த கம்பி ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பெங்காலி அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்கமுடியாமல், கழுத்தில் அடியா, ஆபரேஷனா என்று ஹிந்தியில் விசாரித்தார். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து அந்தக் கம்பியில் செருகிக் காட்டினார். கையை வேறு வேலைக்கு விட்டுவிட்டு வாயால் மட்டும் வாசிப்பதற்கான ஸ்டாண்ட். கழற்றிப் பையில் வைக்கலாமே என்றதற்கு, வைத்தால் நசுங்கிவிடும் என்றார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை. மற்றதெல்லாம் என் புளுகு.

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்:

‘அன்று கடல் அமைதியாக இருந்தது.’

அடித்துவிட்டேன். அந்தமானைப் பற்றி எழுதினால் கடல் அமைதியாக இருக்கும், இல்லாவிட்டால் கொந்தளிக்கும். அதைச் சும்மா இருக்கவே விடமாட்டோம். இரண்டாவது:

‘ஈஸ்வரன் மின்சாரத் துறையில் லைன்மேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் அவன்’

மட்டும் அவன் என்ன? கலைஞன் என்று எழுதப்போனேன், கூச்சமாக இருந்தது. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். ஈஸ்வரன் என்ற பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

2

ஈஸ்வரனுக்கு மவுத் ஆர்கன் சொல்லிக்கொடுத்தது ஹேவ்லாக்கில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர். அப்போது ஈஸ்வரனுக்கு அந்தத் தீவில்தான் வேலை. கரண்ட் போனால் அவரும் இவனும் மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்தார்கள், கரண்ட் அடிக்கடி போனது. சொல்லிக்கொடுத்தது ப்ளூஸ். ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் வரைக்கும் இந்த இசையை வாசிக்கிற இன்னொரு லைன்மேன் கிடையாது என்று ஈஸ்வரன் சொல்லிக்கொள்வான். போட்டிக்கும் யாரும் வரவில்லை.

(இங்கே கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ப்ளூஸில் ஒரு சுற்று என்றால் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு தட்டு. பன்னிரண்டாவது முடிந்ததும் நிற்காமல் மறுபடி முதல் கட்டம். மவுத் ஆர்கனில் இதை வாசிப்பவர்கள் ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். காற்றை உள்ளே இழுத்து இழுத்துத்தான் அந்தத் தழுதழுக்கிற ஸ்வரத்தை வளைக்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லை, மூச்சு நிரம்பிவிடுகிறது. எங்கேயாவது நின்று வெளியே விட்டாக வேண்டும். கதையே இதில்தான் இருக்கிறது. இப்படி முன்னாலேயே உடைக்கக் கூடாது என்பார்கள், என்ன செய்ய, என் வாயில் எதுவும் தங்காது.)

அவனுக்குப் பக்கத்தில் கிடார் வாசிக்க ஓர் ஆள் வேண்டும். முதலில் ஸ்ரீதர் என்று ஒரு நண்பனை உட்காரவைத்தேன். நாலு பக்கம் எழுதியும் அந்த ஆள் வாயே திறக்கவில்லை. எழுப்பி அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நளினி வந்து உட்கார்ந்தாள். ஈஸ்வரனின் மனைவி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வந்ததுமே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள், எனக்குப் பாதி வேலை குறைந்தது.

எட்டு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். சனிக்கிழமை காலை போர்ட் பிளேரில் போட் ஏறி ஹேவ்லாக் போவார்கள். சாயங்காலம் ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மணி நேரம் வாசிப்பு. ஞாயிறு திரும்பினால் திங்கள் இவனுக்குக் கம்பம், அவளுக்குப் பின்னம்.

3

அந்தச் சனிக்கிழமை.

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் ஈஸ்வரனைக் காப்பாற்றப் பார்த்தேன். கூட்டம் அதிகம் என்றேன், அவனுக்குத் தலைவலி என்றேன், ஒரு தடவை காய்ச்சலே வரவழைத்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் வாசிப்பு முடிந்ததும் எழுந்து வந்தார். அவரும் கிடார் வாசிப்பவராம். அருமை என்றார், கை கொடுத்தார், பிறகு சிரித்துக்கொண்டே, சுற்றுக்குப் பதின்மூன்று கட்டம் வருகிறதே, இது உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டார். ஈஸ்வரனுக்கு முகம் சுண்டிவிட்டது. மேனேஜர் ராஜசேகர், சமையல்கட்டு ஆட்கள், இருபது விருந்தாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நளினியைக் காட்டி, வீட்டில் பேசுகிற தமிழில்கூட இல்லை, எல்லோருக்கும் புரிகிற ஹிந்தியில் சொன்னான்:

"இஸ்கோ கின்தி நஹி ஆத்தா."

இவளுக்கு எண்ணத் தெரியாது. கணக்கு டீச்சருக்கு. மண்டபமே சிரித்தது. நளினியும் சிரித்தாள், கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மறுநாள் போட்டில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்தாள், சண்டை ஒன்றும் போடவில்லை. திங்கட்கிழமை ரங்கத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தாள்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வர டீச்சர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார்கள். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத்துக்கு எழுதிக் கேட்டவர் யாரும் இல்லை. பெயர் மாறிப்போயிருக்குமோ என்று ஆபீஸ் கிளார்க் இரண்டு தடவை போன் செய்து கேட்டாராம். நளினி, பெயர் சரிதான் என்றாள். ஒரு மாதத்தில் ஆர்டர் வந்துவிட்டது. அவள் துணிமணியோடு கிடாரையும் எடுத்துக்கொண்டு போனாள்.

4

ஈஸ்வரன் அசரவில்லை. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ட்ராக் இருக்கிறதே. டிரம், பாஸ், கிடார் மூன்றும் பதிவாகி போனில் கிடைக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேலே வாசிக்க வேண்டியதுதான். ராஜசேகருக்கும் சந்தோஷம், சத்தம் பெரிய பேண்டு மாதிரி வந்தது.

முதல் சனிக்கிழமை ஒவ்வொரு சுற்றிலும் ட்ராக் அவனை விட்டுவிட்டு ஓடியது. அவன் இரண்டாம் கட்டத்தில் போய்ப் பிடிப்பான், அடுத்த சுற்றில் மறுபடி விடுவான். ட்ராக் தப்பு என்று வேறொன்றை இறக்கினான். அதுவும் ஓடியது. ஏழு ட்ராக் மாற்றினான். ஏழு பேருமா தப்பாக வாசித்திருப்பார்கள் என்ற சந்தேகம் அவனுக்கு ஏழாவதில்தான் வந்தது. ஆம்பிளை மனசு, என்ன சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய போனை நோண்டி, தாங்கள் இரண்டு பேரும் வாசித்த பதிவு ஒன்றைப் போட்டு, விரல் விட்டு எண்ணினான். பதின்மூன்று. அடுத்த சுற்று, பதின்மூன்று. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். பன்னிரண்டாவது கட்டம் வரைக்கும் மவுத் ஆர்கன் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்கப்புறம் கிடார் மட்டும் மெதுவாக நாலு தட்டு. அந்த நாலு தட்டுக்குள் ஒரு மனுஷன் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அவனுடைய மூச்சு. விட்டு முடித்ததும் கிடார் முதல் கட்டத்துக்குப் போகிறது.

அவள் தப்பாக எண்ணவில்லை. அவனுக்காக நின்றாள். எட்டு வருஷம், ஒவ்வொரு சுற்றிலும்.

ஈஸ்வரன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதான். (இந்த வரியை எடுத்துவிடு என்று என் நண்பர் கணபதி சொன்னார். முடியாது. அவன் அழுதான்.)

5

இங்கே எனக்கு நளினி மேல் ஒரு சந்தேகம். எட்டு வருஷம் ஒருத்தி இதை வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பாளா? நான் அவளைப் பொறுமையின் சிலையாக்குகிறேனோ? அப்படியென்றால் நான் எழுதுவதும் ட்ராக் போட்டு வாசிக்கிற வேலைதான். தாங்கிக்கொள்கிற மனைவி, திருந்துகிற கணவன், எல்லாம் ஏற்கெனவே பதிவாகி ஓடிக்கொண்டிருக்கிறது, நான் மேலே கொஞ்சம் ஊதிவிட்டுப் போகிறேன்.

பேனாவை வைத்துவிட்டு இரண்டு வாரம் இதைத் தொடவில்லை. பதில் நளினியிடமே இருக்கிறது, அவள் ஏழாம் பகுதியில் சொல்வாள். எனக்குத் தோன்றாதது அது.

6

ட்ராக் நிற்காது, நளினி இல்லை. அப்படியானால் எல்லாவற்றையும் தானே வாசித்துவிடலாம் என்று ஈஸ்வரன் முடிவெடுத்தான். ஒரே ஆள் பேண்டு. வெல்டிங் கடையில் கழுத்துக்குக் கம்பி வளைத்தான். பழைய சூட்கேஸ் ஒன்றை நிறுத்தி வலது காலால் மிதித்தால் டிரம். இடது செருப்பில் பஜனை ஜால்ராவைக் கட்டிக்கொண்டான். கிடார் இரவல், மூன்று பிடி மட்டும் தெரியும், ப்ளூஸுக்கு அது போதும்.

லீவு போட்டுவிட்டுப் பழகினான். கையைக் கவனித்தால் கால் தப்பியது, காலைக் கவனித்தால் வாய் தப்பியது. இரண்டு மாதத்தில் ஒருவழியாக எல்லாம் சேர்ந்து நடந்தது. சேர்ந்ததும் அவன் கவனித்தது ஒன்றுதான். பன்னிரண்டு முடிந்ததும் அவன் சொல்லாமலே கால் மெதுவானது. நாலு தட்டு நின்றது. பிறகு போனது. அவன் கால் நளினியைப் போலவே வாசித்தது.

இதை அவளிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தான். மன்னிப்பு கேட்பதைவிட இது நல்லது என்று நினைத்தான். இதுதான் அவன் செய்த இரண்டாவது தப்பு.

7

ரங்கத் டீச்சர்ஸ் குவார்ட்டர்ஸ், ஞாயிறு மத்தியானம். கதவைத் திறந்த நளினி முதலில் பார்த்தது சூட்கேஸை.

"தங்குறதுக்கா வந்திருக்கீங்க?" என்றாள்.

அவன் பதில் தேடுவதற்குள் அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமே கனக்கவில்லை. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டிலும் பஸ்ஸிலும் வருவானேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சோறு போட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். கதவுக்குப் பின்னால் கிடார் சாய்ந்திருந்தது. உறை இல்லை, இரண்டு கம்பி புதிது. அவன் அதைப் பார்த்தான், கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கூடக் கொண்டுவந்த இரவல் கிடாரை எடுத்து, கம்பியைக் கழுத்தில் மாட்டி, ஜால்ராவைக் கட்டி, பெட்டியை நிறுத்தி வாசித்தான். நன்றாகவே வாசித்தான். பன்னிரண்டு முடிந்தது, கால் நின்றது, மூச்சு விட்டான், போனான். பார்த்தாயா என்று அவளை நிமிர்ந்து பார்த்தான்.

நளினியின் முகம் வாடிப்போயிருந்தது.

"உங்க காலுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் எதுக்குங்க?"

இங்கே நான் சிக்கிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் தனக்குப் புரிந்துவிட்டது என்று காட்ட வந்தான். அவளோ, தன் இடத்தையும் அவனே எடுத்துக்கொண்டதைப் பார்த்தாள். இரண்டும் ஒரே வாசிப்பில் இருக்கின்றன. எழுதும்போது நானும் இதை யோசிக்கவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எண்ணத் தெரியாதுன்னீங்களே, அதுகூடப் பரவாயில்லை. நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். நமக்குள்ள பேசாம வெச்சுக்கிட்ட ஒண்ணுன்னு. அன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு…"

முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

ஈஸ்வரன் கம்பியைக் கழற்றினான். எழுந்து வராந்தாவுக்குப் போனான். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தெலுங்கு டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், எதிரே மலையாளி குடும்பம் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"முஜே கின்தி நஹி ஆத்தா."

ஸ்கூட்டர் கழுவியவர், எதை எண்ண வேண்டும் என்று ஹிந்தியிலேயே அக்கறையாக விசாரித்தார். நளினி அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள்.

"தனியா வாசிக்கிறப்ப எங்க நின்னாலும் சரியாத்தான் இருக்கு நளினி," என்றான் அவன். "லேட்டா வர்றதுக்குக்கூட ஒரு ஆள் வேணும்."

8

முடிவுகள்.

அ) அவள் கிடாரை எடுக்கிறாள், இருவரும் அடுத்த சனிக்கிழமை ஹேவ்லாக்கில் வாசிக்கிறார்கள், கைதட்டல். (இவ்வளவு சுலபத்தில் நளினி விடமாட்டாள்.)

ஆ) அவன் காலிப் பெட்டியோடு திரும்புகிறான். சுற்றுலாக்காரர்கள் ஒரே ஆள் பேண்டை வீடியோ எடுத்துப் பெரிய ஆளாக்கிவிடுகிறார்கள். (நடக்கக்கூடியதுதான். எனக்குப் பிடிக்கவில்லை.)

இ)

நளினி கிடாரை எடுத்தாள். அவன் மவுத் ஆர்கனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டான். பன்னிரண்டு கட்டம் போனது. பன்னிரண்டு முடிந்ததும் அவள் நிற்கவில்லை. நேராக முதல் கட்டத்துக்குப் போய்விட்டாள். நெஞ்சு நிறையக் காற்றோடு அவன் திகைத்து நின்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், வாசித்துக்கொண்டே போனாள். அவன் தட்டுத்தடுமாறி வந்து ஒட்டிக்கொண்டான்.

இது இரண்டாவது சுற்று. பத்தாவது கட்டம். பதினொன்று வருகிறது. ஈஸ்வரன் இப்போது ஒன்று செய்கிறான், அவன் இதுவரை செய்யாதது. தனக்கு உயிரான அந்தக் கடைசி இழுப்பை விட்டுவிடுகிறான். மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்து, பன்னிரண்டாவது கட்டம் முழுக்க மூச்சை வெளியே விடுகிறான். இனி அவள் நிற்க வேண்டியதில்லை, அவன் நேரத்துக்கு வந்துவிடுவான்.

அவள் நிற்காமல் போனால் இரண்டு பேரும் ஒன்றாக முதல் கட்டத்தில் காலெடுத்து வைப்பார்கள். அவள் மனமிரங்கி நின்றுவிட்டாளானால், அவன் முன்னால் பாய்ந்துவிடுவான், முட்டிக்கொள்வார்கள், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளுக்கு முன்னால் வந்திருப்பான். எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அதை நான் எழுதினால் அவள் கையையும் நானே வாசித்ததாகிவிடும். ஒரே ஆள் எல்லாவற்றையும் வாசித்தது போதும்.

பன்னிரண்டாவது கட்டம், மூன்றாவது தட்டு. அவன் மவுத் ஆர்கனை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். நளினியின் வலது கை கம்பிகளுக்கு மேலே இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள்.