வலப்பக்கம் பழகிய விரல்

அழைப்பை நோயாளி மூன்று முறை மறுத்துவிட்டார் என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதியிருந்தது. மறுக்கவே இல்லை என்று நோயாளி சொன்னார். இரண்டில் எது உண்மை என்பதில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

நோயாளி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன். இருபத்தாறு வருஷம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர். சர்க்கரை நோய் முதலில் கண்ணில் கைவைத்தது, பிறகு சிறுநீரகத்தில். இப்போது எதையும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் வேண்டுவோர் பட்டியலில் பெயர் ஏறி நாலே முக்கால் வருஷம் ஆகிறது. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று சொல்லும் அந்த அழைப்பு ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. மூன்று முறை அடித்தார்கள், மூன்று முறையும் அவர் பக்கத்திலிருந்தே துண்டிக்கப்பட்டது. அண்ணியின் எண்ணுக்கும் அடித்தார்கள். அண்ணி நூல் மில்லில் வேலை செய்பவள். போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தங்கச்சியின் எண்ணை அண்ணன் படிவத்தில் எழுதவே இல்லை, ஆபீஸில் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு மருத்துவமனை அடுத்த பெயருக்குப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கு எட்டியதைக் கையே தட்டிவிட்டிருந்தது.

பின்னாலேயே கடிதமும் வந்தது. நோயாளிக்கு விருப்பமில்லை என்று தெரிவதால் பெயர் நிறுத்திவைக்கப்படுகிறது, தக்க காரணம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும். பதினோரு நாள் ஓடிவிட்டது. என்ன காரணம் எழுதுவதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் பயந்துட்டார், பாப்பா. வேற ஒண்ணுமில்ல. ஆபரேஷன்னாலே முகம் வெளுத்துடும் அவருக்கு. எனக்காவது உண்மையைச் சொல்லலாம்ல? போன் வந்துச்சு, எடுத்தேன், கட்டாயிடுச்சுன்னு சின்னப் பிள்ளை மாதிரி ஒரே கதை."

நாற்பது வயதுக்காரியை அந்த வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீஸில் அவளுக்குப் பெயர் கட்டைவிரல். எந்தத் திரையைக் காட்டினாலும் "கட்டைவிரல் எட்டுமா?" என்று அவள் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து வந்த பட்டம் அது.

போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. போன் தயாரிக்கிற கம்பெனிகளில் பாதிக்குமேல் ஒரே இயங்குதளத்தைத்தான் வாங்கி உள்ளே வைக்கின்றன. அதை அப்படியே விற்றால் பக்கத்துக் கடைக்காரன் போனுக்கும் நம் போனுக்கும் என்ன வித்தியாசம் என்று மேலிடத்துக்கு வயிறு எரியும். அதனால் அதன்மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தத் தோலைப் போர்த்தும். படம், எழுத்து, பொத்தான், தள்ளுவது, இழுப்பது எல்லாம் அந்தத் தோலில் இருக்கும். அந்தத் தோலைத் தைக்கிறவர்களில் அவள் ஒருத்தி. வீண்வேலை என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. கறுப்புத் திரையில் மஞ்சள் நிறத்தில் கொட்டை கொட்டையாக எழுத்து வருமே, அதை அவள்தான் வாதாடிக் கொண்டுவந்தாள். அண்ணனை நினைத்துக்கொண்டு செய்தது. அது வந்த பிறகுதான் அண்ணனால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தானே படிக்க முடிந்தது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க பாப்பா பண்ணது" என்று போனைத் தூக்கிக் காட்டுவார்.

உள்ளே அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"நீயாவது நம்புறியா? நான் எடுத்தேன் பாப்பா. எப்பவும் எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன். டப்புனு கட்டாயிடுச்சு."

"நம்புறேன் அண்ணா. இருங்க, நான் அடிக்கிறேன், எடுங்க."

எதிரில் உட்கார்ந்து அவள் அடித்தாள். மணி அடித்ததும் அண்ணன் திரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலை அடியில் வைத்து, வலப்பக்கமாக ஒரே தள்ளு. காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ" என்றார். அவள் போனில், அழைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது.

"ஹலோ... பாத்தியா? இதான். கட்டாயிடுச்சு."

அந்தத் திரை அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நம் போன் என்று தெரிய வேண்டும் என்று அவளுடைய மேலதிகாரி மேடம் கேட்டபோது, ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. வேண்டியவரை உன் பக்கம் கீழே இழுத்துக்கொள், வேண்டாதவரைப் பக்கவாட்டில் தள்ளிவிடு. கட்டைவிரலுக்கு வாகானது, மனசுக்கும் புரியக்கூடியது. ஊரிலுள்ள எல்லா போனையும் போல வலப்பக்கம் தள்ளினால் எடுக்கும் என்றிருந்ததை அவள்தான் மாற்றினாள். அறை முழுக்கக் கைதட்டினார்கள்.

அது இன்னும் ஊருக்குப் போகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைதான் இரண்டு கோடி போனுக்கும் போகிறது. ஆனால் அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றமும் வெளியே போவதற்கு முன்னால், வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் நாலைந்து போனுக்குப் போகும். வீட்டாரிடம் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் ஜாக்கிரதையாகத் தொடுவார்கள், சோதனை கெட்டுவிடும். அண்ணன் போனை நாலு வருஷமாக அவள் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறாள். ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை. மாற்றம் ஏறியதும் ஒரு பாடத் திரை வரும், இப்படி இழு, அப்படித் தள்ளு என்று. அது மில்லுக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் அண்ணி கையில் போன் இருந்தபோது வந்திருக்கிறது. சரி, சரி என்று நாலு முறை அமுக்கிவிட்டு அவள் ஓடியிருக்கிறாள். இரண்டாம் நாள் மருத்துவமனை கூப்பிட்டது.

சொல்லிவிட வேண்டியதுதானே? வாயைத் திறந்தாள். "சிக்னல் சரியில்ல போலிருக்கு அண்ணா" என்றாள்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? சிக்னல்தானாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அடுக்களையிலிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. அவள் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். திட்டுவது சுலபம், திரும்பிப் போவதுதான் கஷ்டம்.

மறுநாள் காலை கடைசிக் கூட்டம். மேடம் சுவரில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார். வீட்டு போன்களில் மறுக்கப்பட்ட அழைப்புகள். முதல் இரண்டு நாள் மூன்று மடங்கு ஏறியிருந்தது, மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.

"ரெண்டே நாள்ல ஜனங்க கத்துக்கிட்டாங்க" என்றார் மேடம். "இதுக்கு மேல என்ன வேணும்? கட்டைவிரல், நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அந்தக் கோட்டின் உச்சியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேட்டில் மூன்று புள்ளி அண்ணனுடையது. போன வாரம் இதே படத்தைப் பார்த்து அவளும் நல்லா வந்திருக்கு என்றுதான் சொன்னாள்.

"பழைய மாதிரியும் ஒண்ணு இருக்கட்டுமே மேடம். வேணுங்கிறவங்க வெச்சுக்கட்டும்."

"ரெண்டு வழி வெச்சா ரெண்டும் பழகாது. நீ சொன்னதுதானே இது?"

"சொன்னேன். தப்பு. அந்த ரெண்டு நாள்ல எங்க அண்ணனுக்குக் கிட்னி கிடைச்சிருக்கு. போன் வந்துச்சு. எடுக்கிறதா நெனச்சு மூணு தடவை தள்ளிட்டார்."

மேடம் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கல்நெஞ்சக்காரி இல்லை அவர். எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெஜமாவே கஷ்டமா இருக்கு. ஆனா கண் தெரியாத ஒருத்தருக்காக ரெண்டு கோடிப் பேரை நிறுத்த முடியுமா? எந்தப் புதுசுக்கும் முதல் ரெண்டு நாள் தடுமாறத்தான் செய்வாங்க. இன்னொண்ணு, வீட்டுல சொல்லாம சோதிக்கிறோம்னு ஒரு காகிதம் வெளிய போச்சுன்னா நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். அண்ணனுக்கு வேற என்ன உதவி வேணும்னாலும் கேளு."

"அவருக்கு வேற உதவி இல்ல மேடம். அந்தக் காகிதம்தான்."

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். அவள் போடாவிட்டால் போட இன்னொருவர் இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கிழமைதான்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியை உட்காரச் சொன்னாள். அண்ணனுக்குப் பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். திரை தன்னுடையது, அவர் போனில் ஏற்றியது தான், சொல்லாமல் ஏற்றியது, நேற்று தெரிந்தும் சிக்னல் என்று பொய் சொன்னது.

முதலில் பேசியது அண்ணிதான்.

"பன்னெண்டு நாளா இந்த மனுஷனைக் கோழைன்னு பேசியிருக்கேன். சோறு போடும்போதுகூடக் குத்திக் காட்டியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போயிருப்பேனே அந்தப் போனை. எங்க வீட்டுப் போன்தானேடி அது? யாரைக் கேட்டு மாத்தினே?"

அண்ணி இதுவரை அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. அந்த ஒற்றை எழுத்து கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன் அண்ணி. என் பேர், கம்பெனி பேர் எல்லாம் போட்டு. அவர் மறுக்கலை, போன் மாறியிருந்துச்சுன்னு. லிஸ்ட்ல மறுபடி சேத்துடுவாங்க."

"வேலை போயிடும்" என்றார் அண்ணன்.

"போகட்டும்."

அண்ணன் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேன். மூணாவது தடவையும் கட்டானதும், திருப்பி அடிச்சிருக்கலாம். மாடியில ஆள் இருந்தாங்க, கூப்பிட்டிருக்கலாம். அரை மணி நேரம் இருந்துச்சு. நான் இந்தக் கட்டில்லயே உக்காந்திருந்தேன்." போனைத் திரும்ப மடியில் வைத்தார். "கட்டானப்போ ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. இன்னிக்குக் கத்தி இல்லைன்னு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சிக்கு அந்தக் கணத்தில் நெஞ்சு லேசானது. அப்படியானால் எல்லாம் என் தலையில் இல்லை என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அடுத்த மூச்சிலேயே அதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. பயப்படுகிறவனுக்குத் தன் பயத்தைத் தாண்டிவர ஒரு வழி வேண்டும். எடுத்த அழைப்பு எடுபட்டிருந்தால், மறுமுனையில் ஒரு குரல் வாங்க என்று சொல்லியிருந்தால், அவர் போயிருப்பார். அந்தக் குரலை வரவிடாமல் செய்தது அவருடைய பயம் இல்லை.

"அதையும் எழுதணுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"வேண்டாம் அண்ணா. நான் பண்ணதை மட்டும் எழுதுறேன்."

"இப்பவும் பயமா இருக்கா?" என்றாள் அண்ணி. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் குரலில் குத்தல் இல்லை.

"இருக்கு."

"மறுபடி போன் வந்தா?"

அண்ணன் தங்கச்சி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எடுப்பேன். எப்படி எடுக்கணும்னு இவளைச் சொல்லச் சொல்லு."

அவள் தன் போனிலிருந்து அடித்தாள். அண்ணன் மடியில் மணி அடித்தது, மஞ்சளில் பாப்பா என்று பெரிதாக வந்தது. அண்ணனின் கட்டைவிரலைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இரும்பு போலவே இருந்தது. கண்ணாடிமேல் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்தாள். அவர் மனசு முழுக்கச் சம்மதம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த விரல் அவள் பிடியை மீறி வலப்பக்கமே போனது.