செம்புச் சட்டி தட்டிய ராஜா

மழை விட்டதும் ஒளி முதலில் நாணலின் நுனியில் வந்து நிற்கும். பிறகு தண்ணீரில் இறங்கும். பிறகு வைக்கோலில் முடைந்த தேன்கூடையின் வாசலுக்கு வரும்.

அந்த ஒளிக்காகத்தான் தேனீக்கள் காத்திருக்கும். வசந்தத்தில், மழை விட்ட வெயிலில், பாதிக் குடும்பம் பழைய வீட்டை விட்டு வெளியே கொட்டும். பொன்னிறப் புகை போல எழும். புகை போலவே, எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

அப்போது சட்டி தட்ட வேண்டும். ஓஸ்மேர் ராஜாவின் நாட்டில் அதுதான் வழக்கம். கையில் கிடைத்த செம்பையோ இரும்பையோ தட்டிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் ஓட வேண்டும்.

ஓசை கேட்டால் தேனீக்கள் இறங்கும் என்றார்கள். இறங்குமோ என்னவோ. ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். இது என்னுடையது. நான் பின்னால் வருகிறேன்.

இங்கிலாந்து இன்னும் ஒரே நாடாக ஆகாத காலம் அது. சின்னச் சின்ன ராஜாக்கள். கடல் தாண்டி, நீண்ட படகுகளில், வைக்கிங்குகள் வந்தார்கள். படகின் முகப்பில் மரத்தில் செதுக்கிய டிராகன் தலை.

ஓஸ்மேரின் மாளிகை எரிந்தது. மாளிகை என்றால் மரச்சுவரும் புல் கூரையும்தான். ஒரு பகலில் முடிந்துவிட்டது.

மிஞ்சிய ஜனங்களோடு ராஜா சதுப்பு நிலத்துக்குள் போனார். சுற்றிலும் நாணல். நடுவே ஒரு மேடு. கிரீடத்தை எடுக்க நேரம் இருக்கவில்லை. தேன்கூடைகளை எடுக்க இருந்தது.

"கிரீடத்தை விட்டுட்டுக் கூடையைத் தூக்கிட்டு வந்த ராஜா உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ராணி மில்த்ரித்.

"கிரீடம் தேன் தருமா?"

"கொட்டாதுல்ல!"

அவள் கொண்டுவந்தது ஒரு செம்புச் சட்டி. அதில்தான் எல்லோருக்கும் கஞ்சி.

சதுப்பில் ஒரே ஒரு சட்டம். சத்தம் கூடாது. நாணல் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. தண்ணீர் சமதளம். ஓசை அதன் மேல் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். ஒரு இருமல் போதும், ஊரே செத்துப்போக.

அன்று மழை விட்டது. ஒளி நாணலின் நுனியில் நின்றது. காவலுக்கு இருந்த டுன்னா குனிந்தபடியே ஓடிவந்தான். "படகு வருது. யாரும் மூச்சு விடாதீங்க."

எல்லோரும் ஈர மண்ணில் படுத்தார்கள். தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு சேர்த்துக்கொண்டார்கள். துடுப்புகளின் ஓசை. மிக அருகில்.

அந்த நேரம் பார்த்துத் தேனீக் கூட்டம் எழுந்தது.

பொன்னிறப் புகை. மில்த்ரித்தின் கை, சிறு வயது முதல் பழகிய கை, தலையைக் கேட்கவில்லை. சட்டியைத் தட்டிவிட்டது.

டங்.

துடுப்புகள் நின்றன.

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்?"

ராஜா அவளிடமிருந்து சட்டியை வாங்கினார். தூங்கும் குழந்தையை வாங்குவது போல வாங்கினார். "பாதி வேலையைப் பண்ணியிருக்கே. மீதியை நான் பாக்கறேன்."

யார் எழுப்பியது என்று தெரியாத ஓசையைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எழுப்பியவன் கண்ணெதிரே வந்து நின்றால்? தேட வேண்டியதில்லை. ஒரு காலிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, சட்டியைத் தட்டிக்கொண்டு, ராஜா நாணலை விட்டு வெளியே நடந்தார்.

டங். டங். டங்.

கூட்டம் படகைச் சுற்றியது. பிறகு டிராகனின் தாடையில் இறங்கித் தொங்கியது. மரத்தலைக்கு உயிருள்ள தாடி.

வாளுக்கு அஞ்சாதவர்கள் அத்தனை பேரும் படகின் பின்முனையில் ஒண்டிக்கொண்டார்கள். ஒருவன் தண்ணீரிலேயே குதித்துவிட்டான்.

இடம் மாறும் தேனீ பெரும்பாலும் கொட்டாது. வழிச் சாப்பாடாகத் தேனை வயிறு நிறையக் குடித்திருக்கும். காக்க வீடும் இல்லை. ராஜாவுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

"யோவ் கிழவா! இந்த எழவு உன்னோடதா?" படகிலிருந்து ஒருவன் கத்தினான். அவர்கள் பேச்சும் இவர்கள் பேச்சும் பங்காளிப் பேச்சு. புரிந்தது.

"என்னோடதுதான். சட்டிச் சத்தம் கேக்கலையா?"

"எடுத்துத் தொலைய்யா!"

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தாடைக்குக் கீழே கூடையைப் பிடித்து, டிராகனின் கழுத்தில் ஓங்கி ஒரு தட்டு. கனிந்த பழம் போலக் கூட்டம் உள்ளே விழுந்தது.

"உங்க ராஜா எங்கேய்யா?"

"மாளிகை எரிஞ்ச அன்னிக்கே கெளம்பிட்டார்."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமா, ரொம்பப் பயந்த ஆளு" என்றார் ராஜா. பொய் இல்லை. முதுகுக்குப் பின்னால், நாணலுக்குள், அவருடைய நாடு முழுவதும் மூச்சடக்கிப் படுத்திருந்தது.

"அங்கே வேற என்ன இருக்கு?"

"இன்னும் நெறைய கூடை. வந்து பாக்கறீங்களா?"

படகு திரும்பியது. துடுப்புகள் அவசரமாகத் தண்ணீரை அடித்தன.

அவர் மேட்டுக்குத் திரும்பியபோது ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. ஒரே ஒரு தேனீ மட்டும் சாப்பிடாமல் கிளம்பியிருக்க வேண்டும்.

மில்த்ரித் அவரை உட்காரவைத்தாள். கொடுக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது. கிள்ளினால் மிச்ச விஷமும் உள்ளே இறங்கும். நகத்தால் சுரண்டித் தள்ள வேண்டும். அவள் சுரண்டினாள். கண் நிறைந்திருந்தது.

"பயந்தாங்கொள்ளி" என்றாள், காதோடு.

கூடைக்குள் தேனீக்கள் அமைதியாயின. உள்ளே ஆள்வது ஒரு ராஜா என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். ராணி என்று யாருக்கும் தெரியாது.

மறுபடி ஒரு தூறல் வந்து போனது. ஒளி நாணலின் நுனியில் நின்றது. தண்ணீரில் இறங்கியது. கூடையின் வாசலுக்கு வந்தது.

மில்த்ரித் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதே நகத்தால் ஒரு முறை தட்டினாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி.

இது என்னுடையது. நான் பின்னால் வருகிறேன்.