ஒரே பச்சைத் துண்டு

உப்பளத்தில் முகத்தைக் கட்டிக்கொண்டால் எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத்தான். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் கட்டுவது. கண் மட்டும்தான் வெளியே தெரியும். இந்தப் பொங்கலுக்கு முதலாளி எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைத் துண்டு வேறு எடுத்துக் கொடுத்துவிட்டார். போதாததற்கு எனக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்.

அன்றைக்கு என் மருமகள் கலைமதி வீட்டிலேயே முகத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முந்தின நாள் சாயங்காலம் என் மகன் ராஜ்கமல் அடித்ததில் உதடு கிழிந்து கன்னம் வீங்கியிருந்தது. நானும் அங்கேதான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அவன்மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பிள்ளையை நாலு பேர் கேவலமாகப் பேசுவார்களே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பத்து மணிக்குக் கஞ்சி. அப்போது எல்லாரும் துண்டை அவிழ்த்துவிட்டு வட்டமாக உட்காருவோம். அதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டுமே என்று தவித்துப்போனேன். வரப்பில் குனிந்து கூடையில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தவளை நெருங்கி, காதோரம் சொன்னேன்.

"கஞ்சிக்குத் துண்ட அவுக்காத கலை. கேட்டா பல்லு வலின்னு சொல்லிடு. அவன் அடிச்சது வெளிய தெரிய வேணாம்."

அவள் நிமிர்ந்தாள். கிட்டத்தில் கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, விஜயலட்சுமி. இருபது வருஷமாக என்னோடு கூடை தூக்குகிறவள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கஞ்சி நேரத்தில் கலைமதி துண்டை அவிழ்க்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விஜயலட்சுமி யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் கலைமதி எதிரில் உட்கார்ந்தாள்.

"உப்புத் துணி காயத்துல எரியுமேம்மா. அவுத்துடு."

கலைமதி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவளே முடிச்சை அவிழ்த்தாள். துணி உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. விஜயலட்சுமி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தாள்.

"காலையிலருந்து எரியுது பெரிம்மா," என்றாள் கலைமதி.

காலையில் வீட்டிலிருந்து என் பின்னாலேதான் நடந்து வந்தாள். இத்தனை வருஷம் உப்பில் கிடக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

யார் அடித்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக என் பக்கம் திரும்பினார்கள். யாரோ என் கஞ்சித் தூக்கை முன்னால் நகர்த்தி வைத்தார்கள். கையைத் தூக்கினேன். விரல் பிடரியில் இருந்த முடிச்சுவரை போய் நின்றுவிட்டது. அந்த வட்டத்தில் இன்னும் முகம் கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான்.