வெறும் பேச்சுதானே

ஆந்திர எல்லையில் எங்கள் ஊர் நகரி. பஸ் ஸ்டாண்டு மீட்டிங்கில் தலைவர் வடக்கத்திக்காரர்களைக் கரையான் என்றார். மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் ஒழியும் என்றார். என் புருஷன் கோவர்த்தனன் கை தட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் விசைத்தறிக் கொட்டகைகளில் வடக்கத்தி ஆட்களுக்கு அடி உதை. எங்கள் பின்பக்க அறையில் குடியிருந்த ஒரிசாப் பெண் சபிதாவுக்கு அதே நேரத்தில் இடுப்புவலி. தறி ஓட்டும் அவள் புருஷன் அடிக்குப் பயந்து எங்கோ ஓடியிருந்தான். பிள்ளை கால் பக்கமாக வருகிறது, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். ஸ்டாண்டில் கூப்பிட்ட ஆட்டோ ஒன்றும் அவளை ஏற்ற வரவில்லை. எங்கள் ஆட்டோ வாசலிலேயே நின்றது. அதன் டிரைவரான என் புருஷன் நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரு சொன்னதுல இன்னா தப்பு? இவங்க வந்தாங்க, என் தறி வேலை போச்சு. நம்ம வவுத்துக்காகப் பேசறாரு. யாரையும் அடிக்கச் சொல்லல. வெறும் பேச்சுதானே."

"உன் தம்பிய திருப்பதி ஓட்டல்ல அரவவாடு, தமிழ்நாட்டுக்கே போடான்னு தொரத்தினாங்களே. சோறு துன்னாம அழுதுகினு இருந்தியே. அதுவும் வெறும் பேச்சுதானேய்யா."

"அது வேற."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த மனுஷனுக்கு வந்தும் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம், அதைவிடப் பயம். உள்ளே அவள் அலறினாள்.

"ரெண்டு உயிருய்யா" என்று அவர் காலைப் பிடித்தேன். சாவியை எடுத்தார்.

என் புடவையை அவளுக்குச் சுற்றினேன். வடக்கத்தி என்று காட்டிக்கொடுக்குமே என்று அவள் கையிலிருந்த சங்கு வளையலைக் கழற்றினேன். புருஷன் இருக்கிறவள் கழற்றக்கூடாதாம், அழுதாள். கோவர்த்தனன் வண்டியைக் கிளப்பும்போது சொன்னார்: "புத்தூர் தாண்டற வரைக்கும் வாயத் தொறக்காத. உன் பாஷை காதுல பட்டா வண்டியோட கொளுத்திடுவாங்க."

புத்தூரில் தடியோடு நின்றவர்கள் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நா செல்லெலு" என்றார் இவர், தங்கச்சி என்று தெலுங்கில். வலியில் எவளும் தன் பாஷையில்தான் அம்மாவைக் கூப்பிடுவாள். சபிதா கூப்பிடவில்லை. என் தோளைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில், கத்தினால் பரவாயில்லையம்மா என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். சபிதா வாயைத் திறக்கவேயில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பார்க்கட்டும் என்று கோவர்த்தனனை உள்ளே கூப்பிட்டேன். பக்கத்தில் கிடத்தியிருந்த பிள்ளை வீறிட்டு அழுதது. சபிதா கதவருகே நின்ற என் புருஷனைப் பார்த்தாள். உடனே பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள்.