வெளிச்சம் விழாத கோல்

இறுதி ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சோலைமுத்துவை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் தயாராகிவிட்டது. ரிங்க் மேனேஜர் ஹசன் அலி இவ்வளவு வேகமாகக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. லைட் மாட்ட உயரமான ஏணி வேண்டும் என்று நான் கேட்டதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். என் ஊர்க்காரர் வேறு, கீழக்கரை.

சோலைமுத்து அமீரகத்தின் புஜைராவில் இருந்த, பனித்தரையில் சறுக்கி ஆடும் அந்தச் சின்ன ஐஸ் ரிங்க்கின் எலக்ட்ரீஷியன். ஆள் சப்ளை செய்யும் கம்பெனியின் விசாவில் வந்தவர். இந்த ஆள் வேண்டாம் என்று ரிங்க்கிலிருந்து எழுதிவிட்டால், கம்பெனி விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடும். நான் பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் போட்டோகிராபர். 2006இல் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களைப் படம் எடுக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தபோது, கூரைக்கு அடியில் தொங்கும் இரும்பு நடைபாதையில் குப்புறப் படுத்து, நான்கு மூலையிலும் நான்கு ஸ்ட்ரோப் லைட்டைக் கட்டியவர் அவர்தான். அறுந்து விழாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதாக ஒரு கம்பியும் போட்டார். கீழே கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் பொத்தானை அழுத்தினால், கேமராவில் செருகிய ரேடியோ நான்கையும் ஒன்றாக மின்ன வைக்கும். பறக்கிற ரப்பர் வட்டுகூடப் படத்தில் அசையாமல் நிற்கும்.

அவர் செய்த குற்றம் இதுதானாம்: லைட் கண்ணில் அடித்து, கோல்கீப்பர் கடைசி கோலை விட்டுவிட்டார். கோல்கீப்பர் லேசுப்பட்ட ஆள் இல்லை, ரிங்க் முதலாளியின் மகன்.

“கோணலாக் கட்டியிருக்கான் தம்பி. கண்ணு கூசிடுச்சுன்னு அவரே சொல்றாரு,” என்றார் ஹசன் அலி.

“காக்கா, கோல் விழுந்தப்ப லைட்டே எரியல,” என்றேன். எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த லைட் ஒருமுறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஏற மூன்று நொடி வேண்டும். துபாயிலிருந்து வந்த கனடாக்காரர் அணியின் முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்தபோது அழுத்தினேன், நான்கும் மின்னின. அவர் காலில் பட்டுத் திரும்பிய வட்டை அடுத்த நொடியே இன்னொருவன் உள்ளே தள்ளினான். ஆசை விடவில்லை, மறுபடி அழுத்தினேன். லைட் எரியவில்லை. படம் கரியாய் வந்தது.

கறுப்பாய் வந்த படத்தை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது என்பது எங்கள் ஸ்டுடியோ முதலாளி செய்கு அலாவுதீனின் சட்டம். இதை மட்டும் காட்டலாமா என்று அவரிடம் போனில் கேட்டேன்.

“பைனல்ல கோலைப் படம் எடுக்காம விட்டுட்டோம்னு நாமளே தம்பட்டம் அடிக்கணுமா? அழிச்சிட்டு வா,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதனின் பிழைப்பைவிடக் கடையின் பெயர் பெரிதாகப் போய்விட்டதா? போனை வைத்துவிட்டு, ஹசன் அலியின் மேசைமேலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கோல்கீப்பரின் கண் வட்டின் மேலேயே இருந்தது, கூசவும் இல்லை, மூடவும் இல்லை. ஒரு நொடி கழித்து எடுத்த இரண்டாவது படம் கும்மிருட்டு. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டியதும் வலைக்குள் வட்டும், அதையே பார்த்துக்கொண்டிருந்த கோல்கீப்பரின் கண்ணும் மங்கலாகத் தெரிந்தன.

ஹசன் அலி இரண்டையும் நன்றாகப் பார்த்தார். “நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா, இதை முதலாளி மகன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?”

தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். இந்த மனிதர் எல்லாம் தெரிந்த பிறகும் கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன்.

கோல்கீப்பர் கால்பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். கறுப்புப் படத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார். நண்பர்கள் கேலி செய்தார்கள், சும்மா லைட்மேல் பழியைப் போட்டேன் என்றார். அதற்காக யாரையாவது வேலையை விட்டு அனுப்பச் சொன்னேனா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்படி யாருமே சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் இந்தக் கதவோரம் நின்ற ஹசன் அலியின் காதில் ஒரு கேலிப் பேச்சு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசம் என்பது இதுதான். கோல்கீப்பர் அங்கிருந்தே ஹசன் அலிக்குப் போன் போட்டு, “கலாஸ்” என்று, இதோடு விடு என்கிற மாதிரி, அரபியில் ஒரு வார்த்தை சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது கடிதம் குப்பைத் தொட்டியில் கிழிந்து கிடந்தது. ஹசன் அலி முகத்தில் வெட்கம் என்று ஒன்றும் இல்லை. சோலைமுத்துவைக் கூப்பிட்டு, “நாளைக்கு டூட்டிக்கு வா. இனிமேலாவது பாத்து வேலை செய்,” என்றார்.

இனிமேலாவதாம்.

சோலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க சார். இனிமே பாத்துக் கட்டுறேன்,” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன். “நீங்க என்னங்க தப்புப் பண்ணுனீங்க? அந்த ஆளுகிட்டப் போய் எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?”

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். “தப்பு அவரு மேல இருந்துச்சுன்னா, என்னையப் பாக்குறப்பெல்லாம் அவருக்கு உறுத்தும் பாய். உறுத்துற ஆளை எத்தன நாளைக்குக் கூட வச்சிருப்பாரு? அதான் தப்பை நானே எடுத்துக்கிட்டேன்.”