வண்டியில் தூங்குற ஆளுக்கு லைன் கிடையாது

ஆனைக்குட்டம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை. தீபாவளிக்கு முன்னால் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று காரில் சுற்றிக் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்து வருவதை நாங்கள் 'லைன்' என்போம். முப்பது வருடமாக லைன் அப்பா கையில். இந்த வருடம் முட்டி வலி வந்து படுத்துகிறது, விட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு விடுவதா, அத்தை மகன் விக்னேஷ்குமாருக்கு விடுவதா என்பதில்தான் வீட்டில் ஒரு மாதமாகக் கச்சேரி.

"மத்தியான வெயில்ல அம்புட்டுத் தூரம் ஓட்டினா சுகிர்தாவுக்குக் கண்ணு சொருகிரும் மாமா" என்றான் விக்னேஷ்குமார். கல்லூரியை மூன்று வருடமும் மேஜையில் தலை வைத்தே முடித்தவன் பேசுகிற பேச்சு. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "திருச்சி வரைக்கும் பாப்பா ஓட்டட்டும். நானும் கூட உக்காந்து வாரேன். வண்டியில தூங்குற ஆளுக்கு லைன் கிடையாது. அம்புட்டுத்தேன்."

மறுநாள் கிளம்பினோம். பின்சீட்டில் மாதிரிக்கு வெறும் அட்டைப்பெட்டிகள். லேபிள் ஒட்டியிருக்கும், உள்ளே ஒரு பொட்டு வெடிமருந்துகூடக் கிடையாது. முன்னால் கண்ணாடியோரம் ஒரு சாத்தூர் காராச்சேவுப் பாக்கெட். தூக்கம் வந்தால் காரம் கடிக்கலாம் என்று நான் வைத்தது.

அத்தனையும் யோசித்த நான் விருதுநகரில் கோட்டை விட்டேன்.

"விருதுநகரைத் தாண்டிப் போறவுக எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடாமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா. நல்லா இருந்திருக்கும். ஆனால் கல்லில் எண்ணெய் குளம் கட்டி நிற்க, மொறுமொறுவென்று பொரிந்து வந்த புரோட்டாவை உடைத்து, அதன் தலையில் சால்னாவை ஊற்றும்போது எந்த வைராக்கியம் நிற்கும்? எண்ணாமல் சாப்பிட்டேன். மதியம் எண்ணெய்ப் புரோட்டா தின்றுவிட்டு நான்குவழிச் சாலையில் கார் ஓட்டுவது எங்கள் ஜில்லாக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம்.

திருமங்கலத்துக்குள் அப்பா தூங்கிவிட்டார். நான் தூங்காமல் பார்த்துக்கொள்ள வந்த மனிதர். அவர் குறட்டை எங்கள் ஆலைப் புஸ்வாணம் போலச் சுர்ரென்று ஏறி, உச்சியில் நின்று, புஸ்ஸென்று இறங்கியது. பக்கத்தில் ஒருவர் அவ்வளவு சுகமாகத் தூங்கினால் கல்லுக்கும் கொட்டாவி வரும். நான் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டேன். ஜன்னலை இறக்கினேன். முன்னால் போன லாரிகளின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் பாட்டாகப் பாடினேன். விக்னேஷ்குமாரை வாய்விட்டுத் திட்டினேன். அதில்தான் கொஞ்ச நேரம் நன்றாக விழிப்பு வந்தது.

மேலூர் தாண்டியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு பாலம் வந்திருக்க வேண்டும். நான் அந்தப் பாலத்தின் மேல் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. கண் திறந்தபடிதான் இருந்திருக்கிறது.

லைன் போனால் போகட்டும் என்று இண்டிகேட்டரைப் போட்டேன். சாலையை விட்டுத் தள்ளி, லாரிகள் நிற்கும் மைதானத்தில், ஒரு டீக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். அப்பா அசையவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. காராச்சேவையாவது தின்போம் என்று பாக்கெட்டை எடுத்தேன். வெயிலில் உப்பி, தலையணை மாதிரி ஆகியிருந்தது. விரலில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு, பிரிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி ஒரு அறை வைத்தேன்.

டப்.

பட்டாசு ஆலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்: சத்தம் கேட்டால் ஓடு. எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே. ஓடுகிறவனைப் பார்த்தால் நீயும் ஓடு, என்ன ஏது என்பதெல்லாம் அப்புறம். அப்பா கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, கதவைத் திறந்துவிட்டார். முட்டி வலிக்காரர் வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி பாய்ந்தார். அவர் ஓடுவதைப் பார்த்து நானும் என் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பாக்கெட்டை உடைத்ததே நான்தான் என்பது காலுக்குத் தெரியவில்லை. தலைமுடியெல்லாம் சேவு உதிர, செருப்பில்லாமல், வேலிமுள் காட்டு ஓரம்வரை ஓடினேன்.

அங்கே போய்த்தான் மூச்சு வாங்கித் திரும்பினேன். அப்பாவைக் காணோம்.

அவர் காருக்கே திரும்பிப் போயிருந்தார். டிரைவர் சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "பாப்பா, பாப்பா" என்ற குரல் அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. முப்பது வருடமாக எல்லோருக்கும் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்த மனிதர்.

"அப்பா, நான் இங்கன இருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என் தலையில் இருந்த சேவைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் கூடவே வந்தது. அவருக்கும் அப்படித்தான். வெறும் அட்டைப்பெட்டிகளுக்குப் பயந்து ஓடிய இரண்டு பேர் காரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சிரித்தோம். லாரிகளுக்கு அடியில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரப் பெண் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் இங்கன நிறுத்துன?" என்றார் அப்பா, டீயை ஊதியபடி.

"தூக்கம் வந்துச்சுப்பா. ஒரு பாலம் வந்து போனதே தெரியல. லைனை விக்னேஷுக்கே குடுத்துருங்க."

அவர் டீக்கடை நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். "வண்டியிலதான தூங்கக் கூடாதுன்னேன். கட்டில்ல படு. திருச்சிக்காரக காத்திருப்பாக."

சாய்ந்தேன். கண் மூடும்போது அப்பாவின் போன் அடித்தது. போனைக் காதில் வைக்கத் தெரியாதவர் மாதிரி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன மாமா, தூங்கியாச்சா?" என்றான் விக்னேஷ்குமார்.

"ஆமாலே. திருமங்கலத்துல ஆரம்பிச்சு நல்ல தூக்கம்" என்றார் அப்பா.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல."

"பேச்சுன்னா பேச்சுதேன். தூங்குன ஆளுக்கு இனிமே லைன் கிடையாது. நான் வீட்டுல இருந்துக்கிறேன், பாப்பா போகும்."